சோமாலிலாந்தை இத்தனை வருஷமாக ஏன் யாரும் நாடாக ஏற்கவில்லை? அவர்கள் கேட்பது நியாயம்தானா?

மணல்வீடு:

2025 டிசம்பர் 26-ம் தேதி இஸ்ரேல் சோமாலிலாந்தைத் தனி நாடாக அங்கீகரித்தது என்ற செய்தியைப் பார்த்ததிலிருந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. 1991 மே 18-லிருந்து சோமாலியாவிலிருந்து பிரிந்து தனியாகத்தான் இருக்கிறார்கள். சொந்த நாணயம், சொந்த ராணுவம், சொந்த பாஸ்போர்ட். அதிபர் தேர்தலில் தோற்றவர் வீட்டுக்குப் போய்விடுகிறார், 2024 நவம்பரில் மூசே பிஹி அப்தி தோற்று, எதிர்க்கட்சியிலிருந்து இர்ரோ வந்தாரே, அந்தப் பக்கத்தில் எத்தனை நாட்டில் இப்படி நடக்கும்? சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் இருக்கிற அரசாங்கமோ இன்றைக்கும் வெளிநாட்டுப் படைகள் காவல் இருந்தால்தான் நிற்கிறது. ஆனாலும் உலகம் முழுக்க, மொகதிஷு சொல்வதுதான் சட்டம், சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கெய்சா வெறும் மாகாணத் தலைநகர் என்றே பேசுகிறது.

இது எப்படி? எண்ணெயோ, துறைமுகமோ, வல்லரசுப் போட்டியோ ஏதாவது இருக்கும் என்று தெரியும், அதை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற சோமாலியர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டும். ஒரே மொழி, ஒரே மதம், ஒரே இனம், அப்புறம் எதற்குப் பிரிய வேண்டும் என்று கேட்பதைத் தாண்டி அவர்களிடம் வேறு வாதம் இருக்கிறதா?

நூலகப்பூனை:

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோமாலிலாந்து தரப்பு தன் வாதத்தை 1991-ல் தொடங்குவதில்லை, 1960-ல் தொடங்குகிறது. பிரிட்டன் ஆண்ட வடக்கு 1960 ஜூன் 26-ல் சுதந்திரம் அடைந்தது. இத்தாலி ஐ.நா. சார்பில் நிர்வகித்த தெற்கு ஜூலை 1-ல் சுதந்திரம் அடைந்தது. நடுவில் ஐந்து நாள் சோமாலிலாந்து முழுச் சுதந்திர நாடு. முகமது ஹாஜி இப்ராஹிம் ஈகால் அதற்குப் பிரதமர். ஜூலை 1 அன்றே இரண்டும் சேர்ந்து சோமாலியக் குடியரசு ஆகிவிட்டது. யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை, சேர்வதற்கு வடக்கில்தான் துடிப்பு அதிகமாக இருந்தது. கொடியில் இருக்கிற ஐந்து முனை நட்சத்திரத்துக்கு அதுதான் அர்த்தம்: பிரிட்டிஷ் பகுதி, இத்தாலியப் பகுதி, பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த ஜிபூட்டி, எத்தியோப்பியாவின் ஒகாடன், கென்யாவின் வடகிழக்கு. ஐந்தும் ஒரு நாள் சேரும், நாம் இரண்டு பேராவது முதலில் சேர்வோம் என்ற கனவு.

ஆனால் காகிதத்தில் கோட்டை விட்டார்கள். வடக்குச் சட்டமன்றம் இணைப்புக்கு ஒரு சட்டம் போட்டது, தெற்கு வேறொரு வாசகத்துக்குச் சம்மதம் சொன்னது. இரண்டு தரப்பும் ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போடவே இல்லை. 1961 ஜனவரியில் மொகதிஷு நாடாளுமன்றம் புதிதாக ஒரு இணைப்புச் சட்டம் கொண்டுவந்து, முந்தின வருஷத்துத் தேதியிலிருந்தே அது செல்லும் என்றது. தலைநகர் தெற்கில், அதிபர் தெற்கு, பிரதமர் தெற்கு, 123 இடங்களில் வடக்குக்கு 33. அதே வருஷம் ஜூனில் அரசியல் சாசனத்துக்குப் பொது வாக்கெடுப்பு நடந்தபோது வடக்கில் பெரிய கட்சியே புறக்கணிக்கச் சொன்னது, வந்து வோட்டுப் போட்டவர்களிலும் பாதிக்கு மேல் வேண்டாம் என்றே போட்டார்கள். தெற்கில் ஒரு சின்ன ஊர் மட்டுமே மொத்த வடக்கையும்விட அதிக வோட்டுக் கணக்குக் காட்டியது என்று இன்றைக்கும் ஹர்கெய்சாவில் சொல்லிச் சிரிப்பார்கள். டிசம்பரில் வடக்கைச் சேர்ந்த இளம் ராணுவ அதிகாரிகள் பிரிந்துபோக ஒரு கலகம் செய்து மாட்டிக்கொண்டார்கள். வழக்கு விசாரித்த நீதிபதி அவர்களை விடுவித்துவிட்டார், காரணம் என்ன தெரியுமா? சட்டப்படி இணைப்பே முறையாக நடக்கவில்லை, அதனால் இந்த நீதிமன்றத்துக்கு வடக்குமேல் அதிகாரம் இல்லை!

இதோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் அதே ஈகால் 1967-ல் ஒன்றுபட்ட சோமாலியாவின் பிரதமர் ஆனார். அதாவது கோளாறான பத்திரத்தோடும் இரண்டு தரப்பும் சேர்ந்து வாழப் பழகிக்கொண்டிருந்தார்கள். 1969 அக்டோபரில் அதிபர் ஷெர்மார்கேயை லாஸ் அனோட் ஊரில் அவருடைய காவலரே சுட்டுக் கொன்றார், ஒரு வாரத்துக்குள் சியாத் பர்ரேயின் ராணுவ ஆட்சி வந்துவிட்டது.

நிஜமாக உடைந்தது 1988-ல். அதைச் சொல்லாமல் சட்டம் பேசுவது வீண். 1977-78 ஒகாடன் போரில் தோற்றதிலிருந்து பர்ரேவுக்கு எல்லார்மேலும் சந்தேகம், வடக்கில் பெரிய குலமான இஸாக் மக்கள்மேல் கூடுதலாக. 1981-ல் அவர்கள் லண்டனில் எஸ்.என்.எம். என்ற கிளர்ச்சி இயக்கம் தொடங்கினார்கள். 1988 மே கடைசியில் அந்த இயக்கம் புராவோவுக்குள்ளும் ஹர்கெய்சாவுக்குள்ளும் நுழைந்தது. அரசாங்கம் சொந்த நகரத்தின்மேல் குண்டு போட்டது. ஹர்கெய்சா விமான நிலையத்திலிருந்து கிளம்பிய விமானங்களே ஹர்கெய்சாவின்மேல் குண்டு போட்டுவிட்டு அங்கேயே திரும்பி இறங்கின. செத்தவர்கள் குறைந்தது ஐம்பதாயிரம் என்கிற மதிப்பீடுதான் அதிகம் சொல்லப்படுவது, அதைவிட மிக அதிகம் என்பவர்களும் உண்டு. லட்சக்கணக்கானவர்கள் நடந்தே எத்தியோப்பிய எல்லையைத் தாண்டிப் போனார்கள். 1997-ல் பெருமழை பெய்து மண் அரித்தபோது நகர ஓரத்தில் கூட்டப் புதைகுழிகள் வெளியே வந்தன. ஐ.நா. ஏற்பாட்டில் நடந்த விசாரணை ஒன்று 2001-ல் இதை இனப்படுகொலை என்றே எழுதியது. அப்போது விழுந்த ஒரு மிக் போர் விமானத்தை ஹர்கெய்சா நடுவில் நினைவுச்சின்னமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அதனால் அங்கே போய் ஒரே மொழி, ஒரே மதம் என்று சொன்னால், குண்டு போட்டவனும் அதே மொழிதானே பேசினான் என்பார்கள். அதற்கு மொகதிஷுவிடம் இன்றுவரை பதில் இல்லை. 2020-ல் அப்போதைய அதிபர் ஃபர்மாஜோ மன்னிப்புக் கேட்டார், ஆனால் ஹர்கெய்சாவின் நிலைப்பாடு அதனால் மாறவில்லை.

எதிர்க்கட்சி:

நூலகப்பூனை எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் அது முழுக்க இஸாக் மக்களின் சரித்திரம், சோமாலிலாந்தின் சரித்திரம் இல்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதில்தான் மொத்தப் பிரச்சினையும் இருக்கிறது.

சோமாலிலாந்து கேட்பது பிரிட்டிஷ்காரன் கிழித்த கோட்டை. அந்தக் கோட்டுக்குள் கிழக்கே துல்பஹன்டே, வர்சங்கேலி குலத்தவர் இருக்கிறார்கள், மேற்கே கடபூர்சி, ஈஸா குலத்தவர் இருக்கிறார்கள். துல்பஹன்டே, வர்சங்கேலி இரண்டும் தரோத் வம்சம், பக்கத்துச் சோமாலிய மாநிலமான பண்ட்லாண்டோடு ரத்த உறவு, 1988-ல் அவர்கள் பெரும்பாலும் எஸ்.என்.எம். பக்கம் இல்லை. 2001-ல் சோமாலிலாந்தின் சாசனத்துக்கு 97 சதவீதம் ஆதரவு என்று பெருமையாகச் சொல்கிறார்களே, கிழக்கில் அந்த வாக்கெடுப்பு பெரும்பாலும் நடக்கவே இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை. கிழக்கில் இருக்கிற லாஸ் அனோட் ஊரைச் சோமாலிலாந்துப் படை பிடித்ததே 2007-ல்தான்.

அப்புறம் என்ன ஆனது என்று பாருங்கள். 2022 டிசம்பரில் அங்கே ஓர் எதிர்க்கட்சி அரசியல்வாதியைக் கொன்றார்கள், முதல் கொலையும் இல்லை அது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள், படை சுட்டது. 2023 பிப்ரவரி 6 அன்று துல்பஹன்டே பெரியவர்கள் கூடி, எங்களுக்கு ஹர்கெய்சா வேண்டாம், நாங்கள் சோமாலியக் கூட்டாட்சிக்குக் கீழே இருக்கிறோம் என்று அறிவித்தார்கள். பதிலுக்கு மாதக்கணக்கில் பீரங்கி அடி. ஆஸ்பத்திரிமேல்கூடக் குண்டு விழுந்தது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஊரைவிட்டு ஓடினார்கள். ஆகஸ்ட் 25-ம் தேதி கோஜாகடே முகாமை உள்ளூர்ப் படைகள் பிடித்ததும் சோமாலிலாந்து ராணுவம் பின்வாங்கியது, அன்றிலிருந்து லாஸ் அனோட் ஹர்கெய்சா கையில் இல்லை. 2023-லேயே எஸ்.எஸ்.சி. காத்துமோ என்ற பெயரில் தனி நிர்வாகமாக மொகதிஷு அதை ஏற்றுக்கொண்டது, 2025-ல் அது வடகிழக்கு மாநிலம் ஆனது.

மணல்வீடு கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். 1988-ல் நகரத்தின்மேல் குண்டு போட்ட அரசோடு எங்களால் இருக்க முடியாது என்று இஸாக் சொன்னால் அது நியாயம். 2023-ல் எங்கள் நகரத்தின்மேல் குண்டு போட்ட அரசோடு எங்களால் இருக்க முடியாது என்று துல்பஹன்டே சொன்னால் அது மட்டும் குலவெறியா? அளவு ஒன்றில்லை, நான் மறுக்கவில்லை. ஆனால் வாதம் ஒன்றுதானே? ஒன்றாக இருக்க வேண்டும் என்பவர்களில் புத்திசாலிகள் சொல்வது மொழி, மதக் கதை இல்லை. சோமாலியர்கள் வாழும் நிலத்தில் எங்கே கோடு போட்டாலும் ஒரு குலம் தப்பான பக்கத்தில் மாட்டும், அதனால் கோடு போடாமல் உள்ளுக்குள்ளேயே அதிகாரத்தைப் பிரித்துக்கொள்வோம் என்கிறார்கள்.

இன்னொன்று. சோமாலிலாந்து ஜனநாயகம் என்று எல்லாரும் மயங்குகிறீர்கள். பெரியவர்கள் சபையான குர்ட்டியில் 82 பேர், 1990-களில் குலங்கள் நியமித்ததிலிருந்து ஒருமுறைகூட அதற்குத் தேர்தல் இல்லை, அப்பா செத்தால் மகன் உட்காருகிறான். அந்தச் சபைதான் அதிபரின் பதவிக்காலத்தை நீட்டிக்கொடுக்கிறது, பிஹிக்கு 2022-ல் அப்படித்தான் இரண்டு வருஷம் கிடைத்தது. 2005-ல் தேர்ந்தெடுத்த கீழ்ச்சபை 2021 வரைக்கும் உட்கார்ந்திருந்தது. அந்த 2021 தேர்தலில் ஒரு பெண்கூட ஜெயிக்கவில்லை. ஒற்றுமையைப் பற்றிக் கவிதை சொன்னதற்காக நயிமா கொரானே என்ற கவிஞரை 2018-ல் மூன்று வருஷச் சிறைக்கு அனுப்பினார்கள், பிறகு பொது மன்னிப்பில் விட்டார்கள். பிரிவதுதான் மக்கள் விருப்பம் என்றால் ஒரு கவிதைக்கு எதற்கு இத்தனை பயம்?

கப்பல்காரன்:

நீங்கள் ரெண்டு பேரும் சரித்திரம் பேசிக்கொண்டே இருங்கள், நான் காசைப் பற்றிப் பேசுகிறேன். (எண்ணெய், துறைமுகம் வேண்டாம் என்று மணல்வீடு சொன்னது தெரியும், ஆனால் அது இல்லாமல் பாதிக் கதை போய்விடும்.)

சோமாலிலாந்தின் பெர்பெரா துறைமுகத்தை டிபி வேர்ல்ட் 2016-ல் 30 வருஷத்துக்கு எடுத்தது, 442 மில்லியன் டாலர் முதலீடு என்று ஒப்பந்தம். அங்கீகாரம் இல்லாத இடத்தில் ஒரு துபாய்க் கம்பெனி இவ்வளவு பணம் போடுகிறது என்றால், அந்த அரசாங்கம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் என்று நம்பித்தானே? ஆனால் அதே அரசாங்கம் ஐ.எம்.எஃப்.பிடமோ உலக வங்கியிடமோ ஒரு பைசா கடன் கேட்க முடியாது. மொகதிஷுவுக்கோ 2023 டிசம்பரில் 4.5 பில்லியன் டாலர் கடன் தள்ளுபடி கிடைத்தது. அங்கீகாரம் என்பது கொடியும் கீதமும் இல்லை, இந்த மாதிரி கணக்குதான். வான்வெளியும் அப்படித்தான், 2017-ல் அதன் கட்டுப்பாடு மொகதிஷு கைக்கு வந்தது. 2024 ஜனவரியில் ஹர்கெய்சாவுக்கு வந்துகொண்டிருந்த எத்தியோப்பிய விமானத்தை அனுமதி இல்லை என்று சொல்லி அப்படியே திருப்பி அனுப்பினார்கள்.

ஏன் எத்தியோப்பிய விமானம் என்றால், அந்த வருஷம் ஜனவரி 1-ம் தேதிதான் எத்தியோப்பியப் பிரதமர் அபிய் அகமதும் மூசே பிஹியும் ஒரு புரிந்துணர்வுக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கடலில்லாத எத்தியோப்பியாவுக்கு 20 கிலோமீட்டர் கடற்கரை, 50 வருஷக் குத்தகை. பதிலுக்கு அங்கீகாரம் என்றார் பிஹி, ஆழமாகப் பரிசீலிப்போம் என்றது அடிஸ் அபாபா. வருஷக் கடைசியில், டிசம்பரில், துருக்கி நடுவில் உட்கார்ந்து அபியையும் சோமாலிய அதிபர் ஹசன் ஷேக் முகமதையும் அங்காராவில் கைகுலுக்க வைத்தது. சோமாலிலாந்து அந்த அறையிலேயே இல்லை.

வேலையில் எனக்குச் சோமாலியர்கள் நிறையப் பழக்கம். ஒன்று கவனித்திருக்கிறேன், புராவோக்காரனும் மொகதிஷுக்காரனும் அரசியல் பேச்சு வந்தால் பக்கத்தில் நிற்க முடியாது, அவ்வளவு சத்தம். ஐந்து நிமிஷம் கழித்து ஒருத்தன் இன்னொருத்தனுக்கு ஊருக்குப் பணம் அனுப்ப வழி சொல்லிக்கொண்டிருப்பான். புராவோவில் தொடங்கிய தஹப்ஷீல் பணமாற்று நிறுவனத்துக்கு மொகதிஷுவிலும் கிளை இருக்கிறது. கல்யாண உறவுகளும் இரண்டு பக்கமும் உண்டு. நாடு பிரிந்ததா சேர்ந்ததா என்று வியாபாரிகள் யாரும் காத்திருக்கவில்லை.

மணல்வீடு:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. எதிர்க்கட்சி சொன்னது யோசிக்க வைத்தது. நூலகப்பூனை, லாஸ் அனோட் பற்றி உங்கள் பதில் என்ன? காலனி எல்லைதான் ஆதாரம் என்றால், அந்த எல்லைக்குள் இருக்கிறவர்களே வேண்டாம் என்று சொன்ன பிறகு அந்த ஆதாரம் நிற்குமா? அப்புறம் ஆப்பிரிக்க ஒன்றியம் ஏன் இதில் இத்தனை பிடிவாதம்? எரித்திரியாவையும் தெற்கு சூடானையும் ஏற்றுக்கொண்டார்கள்தானே?

தொடுவானம்:

ரொம்ப நாளாக வாசிப்பதோடு சரி, இதற்காக உள்ளே வந்தேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

எரித்திரியா 1993-ல் பிரிந்தபோது அடிஸ் அபாபாவில் புதிதாக வந்த அரசாங்கம் சம்மதித்தது. தெற்கு சூடான் 2011-ல் பிரிந்தபோது கார்ட்டூம் 2005 ஒப்பந்தத்திலேயே வாக்கெடுப்புக்குக் கையெழுத்துப் போட்டிருந்தது. இரண்டு இடத்திலும் தாய்வீடு தலையாட்டியது. 1991-ல் சோமாலிலாந்து பிரிந்தபோது தலையாட்ட மொகதிஷுவில் அரசாங்கமே இல்லை, அரசாங்கம் என்று ஒன்று வந்த பிறகு அது தலையாட்டத் தயாராக இல்லை. இதுதான் வித்தியாசம், இதைத் தாண்டி உலகச் சட்டத்தில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

ஆப்பிரிக்க ஒன்றியமே 2005-ல் ஒரு குழுவை அனுப்பிப் பார்த்தது. சோமாலிலாந்தின் வழக்கு தனி ரகம், இதை ஏற்றால் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள் என்ற பயத்தோடு இதை முடிச்சுப் போட வேண்டாம் என்கிற மாதிரிதான் குழு எழுதிக் கொடுத்தது. அறிக்கையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு நாடும், முதலில் ஆப்பிரிக்காவில் யாராவது ஏற்கட்டும் என்கிறது. ஆப்பிரிக்காவில் இருக்கிறவர்கள், சோமாலியர்களே பேசி முடிக்கட்டும் என்கிறார்கள். பேச்சுவார்த்தை என்று 2012-ல் தொடங்கினார்கள், துருக்கியில் சில சுற்று நடந்தது, உருப்படியாக ஒன்றும் வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1964-ல் கெய்ரோவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடி, சுதந்திரத்தின்போது இருந்த எல்லைகளை மாற்றக்கூடாது என்று தீர்மானம் போட்டபோது அதை எதிர்த்தது சோமாலியா. ஒகாடனும் கென்யாவின் வடகிழக்கும் எங்களுடையது, வெள்ளைக்காரன் போட்ட கோட்டை ஏற்க மாட்டோம் என்றார்கள். இன்றைக்கு மொகதிஷு அந்தத் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஹர்கெய்சாவைப் பிரியக்கூடாது என்கிறது, ஹர்கெய்சா அதே தீர்மானத்தைக் காட்டி, 1960 ஜூன் 26 அன்று எங்கள் எல்லை எது என்று பாருங்கள் என்கிறது. ஜிபூட்டியை யாரும் இந்தப் பேச்சில் இழுப்பதில்லை. அங்கேயும் பெரும்பான்மை சோமாலியர்கள்தான், 1977-ல் தனி நாடாகவே போனார்கள், அதற்காக யாரும் அவர்களைத் துரோகி என்று சொல்வதில்லை.

நூலகப்பூனை:

மணல்வீடு, லாஸ் அனோட் பற்றிக் கேட்டீர்கள். அங்கே நடந்ததற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. பிஹி முன்னாள் போர் விமானி, எஸ்.என்.எம். தளபதி. பேச வேண்டிய இடத்தில் பீரங்கியைக் கொண்டுவந்து வைத்தார். இருபது வருஷம் சேர்த்த நல்ல பெயர் ஏழு மாதத்தில் போனது.

ஆனால் எதிர்க்கட்சி சொல்கிற மாதிரி கிழக்கு ஆரம்பத்திலிருந்தே வெளியே நின்றது என்பது சரியில்லை. 1991-ல் புராவோவில் கூடியபோது துல்பஹன்டே பெரியவர்களும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். சொல்லப்போனால் எஸ்.என்.எம். தலைமைக்கே பிரியும் எண்ணம் உறுதியாக இல்லை, கூடியிருந்த கூட்டமும் தெருவில் நின்றவர்களும்தான் தலைவர்களைத் தள்ளினார்கள். முதல் அதிபர் தூர், பதவி போன பிறகு மொகதிஷு போய் போர்த் தலைவர் ஐதீதின் கூட்டணியில் சேர்ந்து ஒற்றுமை பேசினார் என்றால் பாருங்கள். 1993-ல் போரமாவில் மாதக்கணக்கில் பேச்சு நடத்தி, குலத்துக்கு இத்தனை இடம் என்று பிரித்து, ஈகாலை அதிபராக்கினார்கள். அதற்கு முன்னும் பின்னும் இஸாக் உட்பிரிவுகளே ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன, பெர்பெரா துறைமுகத்துக்காக 1992-ல், ஹர்கெய்சா விமான நிலையத்துக்காக 1994-ல். ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து பேசித்தான் முடித்தார்கள். ஈகால் 2002-ல் இறந்ததும் கடபூர்சியைச் சேர்ந்த தாஹிர் ரியாலே அதிபர் ஆனார், 2003 தேர்தலில் முதலில் அறிவித்த கணக்குப்படி 80 வோட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். எண்பது! தோற்ற சிலன்யோ பெரிய இஸாக் தலைவர், நீதிமன்றம் போனார், முடிவை ஏற்றார், 2010-ல் ஜெயித்து வந்தார். அந்தச் சோமாலிலாந்தை நான் ஆதரிக்கிறேன். அது சிறுபான்மைக் குலத்தவரை அதிபராக ஏற்றது.

என் வருத்தம் என்னவென்றால், அங்கீகாரம் வேண்டும் என்ற ஆசை கூடக் கூட, எல்லையைக் காட்ட வேண்டிய கட்டாயம் கூடியது. வெளிநாட்டுக்காரனுக்கு வரைபடம் காட்ட வேண்டும், அதனால் லாஸ் அனோட்டில் படை நிற்க வேண்டும். 1993 சோமாலிலாந்துக்கு அந்தக் கோடு அவ்வளவு முக்கியமாக இல்லை. கோடு வந்த பிறகு பேச்சு குறைந்தது. எதிர்க்கட்சிக்கு ஒரு கேள்வி: ஒன்றாக இருந்து உள்ளேயே அதிகாரத்தைப் பிரித்துக்கொள்வோம் என்கிறீர்களே, மொகதிஷு யாரோடு ஒழுங்காகப் பிரித்துக்கொண்டிருக்கிறது? பண்ட்லாண்ட் பிரிவினை கேட்டதே இல்லை, 1998-லிருந்து கூட்டாட்சி கூட்டாட்சி என்று சொல்லிக்கொண்டிருந்த மாநிலம். 2024 மார்ச்சில் சாசனத் திருத்தத்தை எதிர்த்து அவர்களே மத்திய அரசை ஏற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் இன்னொரு மாநிலமான ஜுபாலாந்தோடு துப்பாக்கிச் சண்டையே வந்தது. வீட்டில் இருக்கிற பிள்ளைகளோடு இப்படி என்றால், போன பிள்ளை எதை நம்பித் திரும்பும்?

எதிர்க்கட்சி:

அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் சமாதானம் இல்லை, மொகதிஷுவை நான் காப்பாற்ற வரவில்லை. 2012 சாசனம் பத்து வருஷத்துக்கு மேலாகத் தற்காலிகம் என்ற பெயரோடுதான் இருந்தது. அதிகாரம் எது மத்தியில், எது மாநிலத்தில் என்று யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை, ஒவ்வொரு அதிபரும் தன் பதவிக்காலம் முடியும் சமயத்தில் அதைத் திருத்தப் பார்க்கிறார். நான்கு பெரிய குலங்களுக்குச் சமமாக, மீதி எல்லாருக்கும் சேர்த்து அரைப் பங்கு என்று நாற்காலி பிரிக்கிறார்கள், அதையும் சகிக்க முடியவில்லை. எல்லாவற்றையும்விட எரிச்சல் தருவது அந்த 46 இடங்கள். 275 பேர் கொண்ட கீழ்ச்சபையில் சோமாலிலாந்துக் குலங்களுக்கு 46 இடம் ஒதுக்கி, மேல்சபையில் 11 கொடுத்து, அந்தத் தேர்தலை மொகதிஷுவில் வைத்தே நடத்துகிறார்கள். ஹர்கெய்சாவில் ஒரு கடைக்காரர்கூட அவர்களுக்கு வோட்டுப் போட்டதில்லை. இதுதான் ஒற்றுமை என்றால் நானும் வேண்டாம் என்பேன்.

ஆனாலும் உங்கள் வாதத்தில் ஒரு இடம் இடிக்கிறது. 1993 சோமாலிலாந்துதான் நல்லது, கோடு முக்கியமில்லை, பேச்சுதான் முக்கியம் என்றால், அதை ஏன் மொத்தச் சோமாலியாவுக்கும் செய்யக்கூடாது? எத்தனை மாநாடு நடந்தது, அர்த்தா, நைரோபி, ஜிபூட்டி, எல்லாம் வெளிநாட்டு ஓட்டலில், வெளிநாட்டுக் காசில். போரமா மாதிரி ஊருக்குள் உட்கார்ந்து, உள்ளூர் ஆடு ஒட்டகம் அறுத்துச் சாப்பிட்டு, அவமானத்தையும் உயிர்ப்பலியையும் கணக்குத் தீர்த்து எழுந்த மாநாடு தெற்கில் ஒன்றும் இல்லை. தெரிந்தவர்கள் வடக்கில் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் தங்கள் வேலை முடிந்தது என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

இஸ்ரேல் விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹர்கெய்சாவில் தெருவுக்கு வந்து கொண்டாடினார்கள், அவர்கள் சந்தோஷம் எனக்குப் புரிகிறது, முப்பது வருஷத்துக்கு மேலாக ஒருத்தர்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனால் காசா எரிந்துகொண்டிருந்த காலத்துக்குப் பிறகு, முழுக்க முஸ்லிம்கள் வாழும் ஒரு நாட்டுக்கு முதல் கையெழுத்து அங்கிருந்து வந்ததில் விலை இருக்கிறது. எகிப்து, துருக்கி, சவூதி, ஜிபூட்டி, ஆப்பிரிக்க ஒன்றியம் எல்லாரும் ஒரே குரலில் எதிர்த்தார்கள். அதில் சவூதியை மட்டுமாவது ஹர்கெய்சா யோசிக்க வேண்டும், ஹஜ் காலத்தில் பெர்பெராவிலிருந்து ஆடு மாடு ஏறுவது அங்கேதான். 2000-த்தில் தொடங்கி சுமார் ஒன்பது வருஷம் சவூதி இறக்குமதியை நிறுத்தியபோது என்ன பாடுபட்டார்கள் என்று பெர்பெராவில் கேட்டால் சொல்வார்கள்.

கப்பல்காரன்:

அந்தத் தடைக்குக் கால்நடைகளுக்கு வருகிற ரிஃப்ட் வேலி காய்ச்சல்தான் காரணம், அரசியல் இல்லை. ஆனால் நீங்கள் சொல்ல வருவது சரி, ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை வைத்தால் அவர் முகம் சுளிக்கக்கூடாது என்று பயந்துகொண்டே இருக்க வேண்டும்.

மணல்வீடு:

கடைசியாக ஒன்று கேட்டுவிட்டு உங்களை விட்டுவிடுகிறேன். செய்தியில் இதைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றால் எதைப் பார்ப்பது? அடுத்து யார் அங்கீகரிப்பார்கள் என்பதையா?

தொடுவானம்:

எல்லாரும் வாஷிங்டனைப் பார்ப்பார்கள். அடிஸ் அபாபாவையும் பாருங்கள், பக்கத்து நாடு ஒன்று ஏற்றால்தான் ஆப்பிரிக்காவில் மற்றவர்கள் அசைவார்கள். தைவான் 2020-லிருந்து ஹர்கெய்சாவில் அலுவலகம் வைத்திருக்கிறது, அதனால் சீனா இதில் மொகதிஷு பக்கம்தான் நிற்கும், பாதுகாப்புச் சபையில் அது ஒரு வீட்டோ.

நூலகப்பூனை:

நான் கிழக்கில் இருக்கிற எரிகாவோ நகரத்தைப் பார்ப்பேன். இஸாக்கும் வர்சங்கேலியும் துல்பஹன்டேவும் ஒரே ஊரில் கலந்து வாழ்கிற இடம். 1993-ல் அங்கே ஒரு பெரிய சமாதான மாநாடு நடந்து, மேய்ச்சல் நிலத்தையும் வீடுகளையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டார்கள். லாஸ் அனோட் சண்டை அந்தப் பக்கம் பரவினால் எத்தனை நாடு அங்கீகரித்தாலும் பிரயோஜனம் இல்லை. இர்ரோ பேசுகிற ஆள் என்று பெயர் எடுத்தவர், நீண்ட காலம் கீழ்ச்சபையின் சபாநாயகராக இருந்தவர். கிழக்கோடு உட்கார்ந்து பேசுகிறாரா என்று பார்க்கலாம்.

எதிர்க்கட்சி:

எரிகாவோ விஷயத்தில் நானும் அதையேதான் சொல்வேன். கூடவே குர்ட்டிக்கு எப்போது தேர்தல் வைக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். வைத்தால் இங்கே வந்து சொல்லுங்கள், நான் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.